குழாய் ஸ்பீக்கரில் காணாமல் போன முன்பாட்டு

கரைவலை வீட்டுப் பிள்ளை:
பெரியப்பா பாடிய அம்பாப் பாட்டை, அதாவது வலை இழுப்பவர்களின் பாட்டை, மண்டபம் கரையில் வலை இழுக்கும்போதே பதிவு செய்து, வெளியூர் ஸ்டுடியோ ஒன்றில் மிக்ஸிங்குக்குக் கொடுத்தோம். ஹெட்போனில் கேட்டால் அவ்வளவு அகலம். ஊர்த் திருவிழாவில் குழாயில் போட்டார்கள். பெரியப்பா கம்பத்துக்கு அடியிலேயே போய் நின்று, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து முழுப் பாட்டையும் கேட்டார். "ஏலேலோ போடுறவனுக சத்தமெல்லாம் வருது தம்பி, எடுத்துக்குடுக்குறவன எங்க?" என்றார். அந்த முகம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. ஸ்டுடியோவில் முன்பாட்டு டிராக்கை, அதாவது பெரியப்பா எடுத்துக் கொடுக்கும் குரலை, 4 டெசிபெல் ஏற்றி அனுப்பினார்கள். குழாயில் ஒரு மாற்றமும் இல்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தொண்டிக்காரன்:
எவ்வளவு ஏற்றினாலும் வராது. அகலம் என்றீர்களே, கோளாறு அங்கேதான் இருக்க வேண்டும். ஒரே குரலை இரண்டு பக்கமும் வைத்து, ஒரு பக்கத்து அலையைத் தலைகீழாக்கி விரித்திருப்பார்கள். ஹெட்போனில் இரண்டும் தனித்தனிக் காதுக்குப் போவதால் பாட்டு கேட்கும். குழாய் மோனோ, அதாவது ஒரே சேனல், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்ததும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரே கயிற்றை இரண்டு பேர் சம பலத்தில் எதிரெதிரே இழுப்பது போலத்தான், இன்னும் பலமாக இழுத்தாலும் கயிறு நகராது. எங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் கீபோர்டு இப்படி மறைந்து தபேலா மட்டும் கேட்டது.

மிக்ஸ் செய்யும்போதே மோனோ பட்டனைத் தட்டிக் கேளுங்கள். முதலில் முன்பாட்டை மட்டும் வையுங்கள், அப்புறம் கோரஸ், கடைசியில் தாளம். குரல் அமுங்கினால் குரலை ஏற்றாதீர்கள், மற்றதை இறக்குங்கள். ஏற்றிக்கொண்டே போனால் எல்லா டிராக்கும் சேரும் மாஸ்டர், 0 டெசிபெல் என்ற மேல் எல்லையைத் தொட்டு அலையின் உச்சி வெட்டுப்படும். உச்சம் மைனஸ் 6-இல் நின்றால் போதும். இன்னொன்று, சாதாரணக் குழாயில் அடிச் சத்தம் அனேகமாக வராது. பேஸை நம்பி மிக்ஸ் செய்தால் திருவிழாவில் பாதிப் பாட்டுதான் மிஞ்சும்.

ஏர்வாடி வாசகன்:
மோனோ சரிதான் தொண்டியாரே, ஆனால் லெவல் என்றால் மிக்ஸில் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் மட்டும் என்பது போல் எழுதுகிறீர்கள். பதிவின்போது கெயின், அதாவது மைக் சத்தத்தை உள்ளே வாங்கும் அளவு, தப்பினால் பின்னால் எந்த ஃபேடரும் காப்பாற்றாது. ஒரு தப்ஸ் மேளக் குழுவைப் பதிவு செய்ய வந்த சவுண்ட் அண்ணன், மெதுவாக அடித்துக் காட்டியவர்களை நிறுத்தச் சொன்னார். "கடைசிச் சுத்துல வேகம் எடுப்பீங்கள்ல, அத இப்ப அடிங்க பாய்." அடித்தார்கள். மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரிந்தது. விளக்கு அணையும்வரை திருகினார், அதற்கு மேலும் கொஞ்சம் இறக்கினார். ராத்திரி கடைசிச் சுற்றில் கூட்டமே எழுந்து நின்றது. பதிவில் ஓர் அடிகூட உடையவில்லை. எனக்குத் தெரிந்து சரியான லெவல் என்றால் அதுதான்.

கரைவலை வீட்டுப் பிள்ளை:
டிராக்குகளைத் தனித்தனியாக வாங்கிவிட்டேன். மோனோவில் போட்டேன், முன்பாட்டு துளியும் இல்லை. ஒரு பக்கத்தைத் திருப்பிப் போட்டதும் பெரியப்பா குரல் பளிச்சென்று வந்தது! கோரஸை 3 டெசிபெல் இறக்கியிருக்கிறேன். இனி காற்று இரைச்சல்தான் பாக்கி.

பாம்பன் கரை:
குரல் டிராக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், காற்றின் உறுமல் பெரும்பாலும் போய்விடும். தொண்டிக்காரர் சொன்ன மைனஸ் 6 ஒன்றும் சட்டம் இல்லை, மைனஸ் 3 என்றாலும் உடையாது. அதைவிட, எந்தச் சத்தத்தில் கேட்டு மிக்ஸ் செய்கிறீர்கள் என்று பாருங்கள். சத்தம் குறைந்தால் காதுக்கு பேஸ் இன்னும் குறைவாகத் தெரியும் என்று 1933-லேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். கச்சான் காற்றடிக்கிற நாளில் ஜன்னலைத் திறந்து வைத்து மிக்ஸ் செய்தால் எல்லாவற்றையும் கூட்டித்தான் வைப்பீர்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு, பேசுகிற அளவுச் சத்தத்தில் ஒரு தடவை கேளுங்கள். முன்பாட்டின் சொல் ஒவ்வொன்றும் புரிந்தால் அனுப்பலாம்.