'வயதுக்கு வரும் படம்' என்று எழுத முடியாது: அவசரமாகச் சொற்கள் தேவை

மீனா:
அன்புள்ள குழுவினருக்கு, திரைப்பட ஆய்வுப் பாடப்புத்தகம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கெடு. ஓர் இயலின் தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன்: கமிங் ஆஃப் ஏஜ் (பிள்ளை மனத்தளவில் பெரியவராக முதிரும் கதை) குடும்பப் படங்களில் டைவர்சிட்டியும் ரெப்ரசென்டேஷனும். முதலாவதை நேராகப் பெயர்த்தால் 'வயதுக்கு வரும் படம்' என்றாகிறது. எடுத்துக்காட்டுக் கதையில் இருப்பவனோ பதினைந்து வயதுப் பையன்!

கா.சு.:
'பருவமடைதல்' போட்டாலும் அதே கதிதான் அம்மா. அந்த ஆங்கிலச் சொல் உடம்பை மட்டும் சொல்லவில்லை. அப்பாவுக்கும் தப்பு நேரும் என்று பிள்ளை முதன்முதலாகக் கண்டுகொள்வதையும் சொல்கிறது. சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் பெண்ணுக்குப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவம் வகுத்தன. ஆண்பாற் பருவங்களில் 'விடலை' அழகான சொல். 'விடலைப் படம்' என்போம். விடு என்ற வேர். வீட்டை விட்டு, கைப்பிடியை விட்டு... இதைத் தனி மடலில் விரிக்கிறேன்.

ரஹீம்:
விரிக்க வேண்டாம் ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன். இன்றைக்கு விடலை என்றால் தெருமுனையில் விசிலடிப்பவன். பெண்பிள்ளையின் கதையை அப்புறம் எங்கே வைப்பது? 'வளரிளம்பருவப் படம்' போதும்.

மீனா:
சரி, எடுத்துக்கொண்டேன். டைவர்சிட்டிக்குப் பன்மை?

ரஹீம்:
ஒரே வகை மரம் நூறு நின்றாலும் இலக்கணத்தில் பன்மைதான். 'பன்மைத்துவம்' என்றால் தலை தமிழ், வால் வடமொழி. பன்முகத்தன்மை பத்திரிகையில் அடிபட்ட சொல், அதையே போடுங்கள்.

கா.சு.:
அது கிடக்கட்டும். அடுத்ததான ரெப்ரசென்டேஷனுக்குப் 'பிரதிநிதித்துவம்' மட்டும் வேண்டவே வேண்டாம். சித்திரிப்பு என்க.

ரஹீம்:
சித்திரமும் வடசொல்தானே ஐயா?

கா.சு. (இரவு 1.40):
அப்படியானால் படிமை. தொல்காப்பியப் பாயிரத்திலேயே 'படிமையோனே' இருக்கிறது. படி என்றால் ஒப்பு. உருவம் என்ற பொருளில் வடமொழியில் வரும் பிரதிமா என்பதே இங்கிருந்து அங்கே போனது என்பது என் துணிபு.

செல்வி:
அந்தப் படிமை தவக்கோலம் ஐயா. உங்கள் துணிபுக்குள் நுழைந்தால் வெள்ளிக்கிழமை போய்விடும். வடசொல்லை வடவெழுத்து நீக்கி எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறார்.

என் சிக்கல் தூய்மை அல்ல, பொருள். வகுப்பில் 'பிரதிநிதித்துவம்' என்றதும் பிள்ளைகள் தேர்தலுக்குப் போய்விடுகிறார்கள். பிறகு படத்தில் சக்கர நாற்காலியில் வரும் ஒரே ஒரு தங்கையை மாற்றுத்திறனாளிகள் எல்லாருக்குமான உறுப்பினர்போல நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். அவள் அண்ணனிடம் பொறாமைப்பட்டால்கூடக் குற்றம்! வீட்டுக்கதையில் அவள் தங்கை மட்டும்தான்.

இலக்கியக் கோட்பாட்டாளர் காயத்ரி ஸ்பிவாக் 1988-இல் வந்த கட்டுரையில் இதைத்தான் பிரித்தார். ஒருவருக்காகப் பேசுவதற்கும் ஒருவரைத் தீட்டிக் காட்டுவதற்கும் ஜெர்மனில் தனித்தனிச் சொல் உண்டு. ஆங்கிலம் இரண்டையும் ஒன்றில் அடைத்துவிட்டது. நாமும் ஏன் அடைக்க வேண்டும்?

ரஹீம்:
அப்படியானால் சித்திரிப்பும் தனியாக நிற்காது அக்கா. 2024 விருதிலிருந்து ஆஸ்கார் சிறந்த படப் போட்டிக்கு நான்கு அளவுகோல்களில் இரண்டையாவது நிறைவேற்ற வேண்டும். ஒன்றுதான் திரையில் தெரிவதைப் பற்றியது. மற்றவை படக்குழு, பயிற்சி வாய்ப்பு, விளம்பரம், விநியோகம். படத்தொகுப்பாளர் யார் என்பதைச் 'சித்திரிப்பு' எப்படிச் சொல்லும்?

மீனா:
இப்போதே வியாழன் மாலை. திரையில் தெரிவதற்குச் சித்தரிப்பு, படக்குழுப் பகுதியில் பிரதிநிதித்துவம் என்று இரண்டாகவே போட்டுவிட்டேன். தலைப்பு: 'வளரிளம்பருவக் குடும்பப் படங்களில் பன்முகத்தன்மை: யாருக்கு இடம், எப்படிப்பட்ட இடம்?' இதற்கு மேல் தாங்காது. எல்லாருக்கும் நன்றி.

கா.சு.:
சித்தரிப்பு அல்ல, சித்திரிப்பு. அச்சுக்குப் போகுமுன் திருத்துங்கள். அடிக்குறிப்பிலாவது படிமை வரட்டும்.