நியூயார்க்கில் பஸ்கா: செடெர் விருந்து வீட்டிலா, பொதுக்கூடத்திலா?

குயீன்ஸ் மருமகள்:
கணவர் யூதர். பையனுக்கு ஏழு வயது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பண்டிகை பஸ்கா. இந்த வருடம் அதன் முதல் இரவு விருந்தான செடெரை ஜெப ஆலயக் கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறார். வீடு சின்னது. என்ன சொல்கிறீர்கள்?

பழைய புரூக்ளின்:
வேண்டாம். வேதாகமத்தில் யாத்திராகமம் 12-ஆம் அதிகாரமே வீட்டுக்கு ஓர் ஆட்டுக்குட்டி என்கிறது. பஸ்காவில் புளித்த மாவுப் பண்டம் வீட்டில் இருக்கக் கூடாது என்பதால், முந்தின இரவு மெழுகுவத்தி பிடித்து மூலை முடுக்கெல்லாம் ரொட்டித் துண்டு தேடி, காலையில் எரிப்பார்கள். விருந்தின்போது ஒளித்துவைத்த மட்சா என்ற புளிக்காத ரொட்டித் துண்டைப் பிள்ளைகள் தேடுவார்கள். "இந்த இரவு மட்டும் ஏன் வேறு?" என்று கேட்பது வீட்டின் கடைக்குட்டி. நூறு பேர் கூடும் இடத்தில் அந்தக் கேள்வி உங்கள் பையனுக்குக் கிடைக்குமா?

கிழக்குக்கரை:
அடுத்த வசனத்தையும் படியுங்கள். வீட்டில் ஆள் குறைவென்றால் அண்டை வீட்டாரோடு சேர்ந்துகொள்ளச் சொல்கிறது. செடெரில் வாசிக்கும் ஹகாடா நூலும் "பசித்தவர் எல்லாரும் வந்து உண்ணட்டும்" என்றே அழைக்கிறது. இந்த நகரத்தில் தனியாக இருக்கும் முதியவர்களுக்குக் கூடம்தான் வீடு. இன்னொன்று, முறைப்படி செடெர் இருட்டிய பிறகுதான் தொடங்கும், நள்ளிரவுவரை போகும். சில கூடங்களில் பிள்ளைகளுக்காகச் சீக்கிரமே ஆரம்பிக்கிறார்கள்.

பழைய புரூக்ளின்:
அந்த முதியவர்களை வீட்டுக்கே கூப்பிடலாமே! பையனை வெளியே கூட்டிப்போய் நகரத்தைக் காட்ட ஆசையென்றால், அதற்கு வேறு நாட்கள் இருக்கின்றன. இஸ்ரேலுக்கு வெளியே பஸ்கா எட்டு நாள், நடு நான்கு நாட்களும் குடும்பமாகச் சுற்றத்தான். பிராங்க்ஸ் உயிரியல் பூங்கா போங்கள். ஆர்ச்சர்ட் தெரு 97-இல் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த கட்டடம் அருங்காட்சியகமாக இருக்கிறது, அதையும் காட்டுங்கள். பக்கத்து ரிவிங்டன் தெருவில்தான் 1925 முதல் 2015 வரை ஸ்ட்ரைட்ஸ் மட்சா ஆலை நடந்தது. மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் மட்சா வெந்துவிட வேண்டும். இதைச் சொன்னால் பையன் மறக்கவே மாட்டான்.

கிழக்குக்கரை:
சரி, வீடு வீடு என்கிறீர்களே, செடெருக்கு முன்பு அடுப்பையும் அலமாரியையும் வாரக்கணக்கில் தேய்ப்பது யார்? பெரும்பாலும் மருமகள்தான். விடுதலையைக் கொண்டாடும் இரவில் அவர் களைத்துப்போய் உட்காரக் கூடாது.

பழைய புரூக்ளின்:
அதை ஒப்புக்கொள்கிறேன். கணவரும் தேய்க்கட்டும். ஆனால் அதற்காகச் செடெரை வெளியே கொண்டுபோகச் சம்மதிக்க மாட்டேன்.

குயீன்ஸ் மருமகள்:
வீட்டில் என்றால் சோறு வைக்கலாமா?

கிழக்குக்கரை:
ஸ்பெயின் வழிவந்த செபார்டி யூதக் குடும்பங்களில் உண்டு. மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர் வழக்கத்தில் அரிசியும் பருப்பும் கூடாது. அவர்களிலும் கன்சர்வேடிவ் என்ற யூத சமயப் பிரிவு 2015-இல் அனுமதித்துவிட்டது. மாமியாரிடம் முதலில் கேளுங்கள்.