பொருள்: ‘எக்ஸ்ட்ராட்ராபிக்கல் டிரான்சிஷன்’ – ‘இயல்மாற்றம்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

அட்லாண்டிக்கின் வெப்பமண்டலப் பகுதியில் சுழலும் ஹரிக்கேன் (கடுமையான வெப்பச் சூறாவளி) சில நாள்களில் ஐரோப்பாவின் வானிலையை எப்படி மாற்றுகிறது என்பதைத் தமிழில் விளக்க முற்படுவோர் முதலில் இடறும் இடம் ‘எக்ஸ்ட்ராட்ராபிக்கல் டிரான்சிஷன்’ என்ற தொடர். வெப்பச் சூறாவளி மித வெப்பச் சூறாவளியாக மாறும் நிகழ்வை அது குறிக்கிறது. இதற்கு ‘வெப்பமண்டலம் கடத்தல்’, ‘வலுவிழப்பு நிலை’, ‘உருமாற்றம்’ என மூன்று சொற்கள் இதுவரை இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஊன்றிப் படித்தேன். எனினும் இவற்றில் எதுவும் நிகழ்வின் உட்பொருளைத் தொடவில்லை என்று எண்ணுவதால், ‘இயல்மாற்றம்’ என்ற சொல்லைக் குழுவின் ஆய்வுக்கு வைக்கிறேன்.

முதலில் நிகழ்வைப் பார்ப்போம். வெப்பச் சூறாவளி தன் ஆற்றலை வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்து பெறுகிறது. நீராவி மேலெழுந்து குளிர்ந்து நீர்த்துளியாகும்போது வெளிவிடும் வெப்பமே அதை இயக்குகிறது. அதனால் அதன் மையம் சுற்றுப்புறத்தைவிட வெப்பமாகவும், அதன் வடிவம் ஏறத்தாழ வட்டமாகவும் இருக்கும். அது வடக்கே நகர்ந்து, மேற்கிலிருந்து வீசும் மேலைக்காற்றுகளின் பகுதியில் புகும்போது கடல் குளிர்ந்துவிடுகிறது. ஆனால் அங்கே வேறொரு ஆற்றல் மூலம் காத்திருக்கிறது. துருவத்திலிருந்து வரும் குளிர்ந்த காற்றும் தெற்கிலிருந்து வரும் வெப்பக் காற்றும் அருகருகே நிற்கும் அந்த வெப்பநிலை வேறுபாட்டிலிருந்து சூறாவளி புதிய ஆற்றலைப் பெறத் தொடங்குகிறது. வட்ட வடிவம் குலைகிறது, வெப்ப வளிமுகமும் குளிர் வளிமுகமும் (வெப்பக் காற்றும் குளிர்காற்றும் மோதும் எல்லைகள்) தோன்றுகின்றன, மழை ஒரு பக்கமாக ஒதுங்குகிறது, பலத்த காற்று வீசும் பரப்பு பன்மடங்கு விரிகிறது, மையத்தின் வெப்பம் மெல்ல மெல்ல நீங்குகிறது. அட்லாண்டிக்கில் தோன்றும் வெப்பச் சூறாவளிகளில் ஏறத்தாழ பாதி இவ்வாறு மாறுகின்றன என்பதால், இதை அரிய நிகழ்வாகக் கருதி ஒதுக்கிவிட முடியாது.

‘வலுவிழப்பு நிலை’ என்ற சொல்லை நான் ஏற்கத் தயங்குவது இதனால்தான். நம் நாளிதழ்களில் ‘புயல் வலுவிழந்தது’ என்று படித்தால், வங்கக் கடலில் உருவான புயல் தாழ்வு மண்டலமாகிவிட்டது, இனி மழை மட்டுமே மிச்சம் என்று வாசகர் புரிந்துகொள்கிறார். வங்கக் கடலைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியான புரிதலே. வடக்கே நிலமும் மலையும் மறித்து நிற்பதால், அங்கு உருவாகும் புயல்களுக்கு மேலைக்காற்றுகளுடன் கலந்து மறுவாழ்வு பெறும் வாய்ப்பு மிகக் குறைவு. அட்லாண்டிக்கின் கதை வேறு. 2017 அக்டோபர் 14 அன்று ஒஃபீலியா அசோர்ஸ் தீவுகளுக்குத் தெற்கே மூன்றாம் வகை ஹரிக்கேனாக, மணிக்கு 185 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் இருந்தது. அட்லாண்டிக்கில் அவ்வளவு கிழக்கே அந்த வலுவில் வேறெந்த ஹரிக்கேனும் அதுவரை பதிவானதில்லை. 16ஆம் தேதி திங்கட்கிழமை அதிகாலையில் அது வெப்பச் சூறாவளி என்ற தகுதியை இழந்தது. அதன் பிறகே அயர்லாந்தைத் தாக்கியது. தென்மேற்குக் கடலில் உள்ள ஃபாஸ்ட்னெட் பாறைக் கலங்கரை விளக்கத்தில் மணிக்கு 191 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது பதிவானது, மூவர் உயிரிழந்தனர், மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் நின்றது, நாடு முழுவதற்கும் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அயர்லாந்தை நெருங்குவதற்கு முன்பே அதன் தென்திசைக் காற்று போர்ச்சுகல், ஸ்பெயின் காட்டுத்தீக்களை விசிறிவிட்டது. அந்தப் புகையும் சகாராவின் தூசியும் இங்கிலாந்துக்கு மேலே பரவியதால், லண்டனில் பகற்பொழுதிலேயே சூரியன் சிவந்து தெரிந்தது. இவ்வளவையும் செய்த சூறாவளியை வலுவிழந்தது என்று எழுத என் கை வரவில்லை. அங்குள்ள வானிலை அலுவலகங்கள் ‘எக்ஸ்-ஹரிக்கேன்’ என்று சொல்வதை ‘முன்னாள் சூறாவளி’ என்று பெயர்க்கலாமா என நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். முன்னாள் அமைச்சர் என்றால் அதிகாரம் போனவர் என்பதே நம் காதில் விழும் பொருள். ஆகவே அதுவும் இதே குழியில்தான் விழுகிறது.

சொல் தவறினால் என்ன கேடு வரும் என்பதற்கு 2012ஆம் ஆண்டின் சாண்டி சான்றாகிறது. அக்டோபர் 29 மாலை நியூஜெர்சிக் கரையைக் கடப்பதற்குச் சில மணி நேரம் முன்பு அது வெப்பச் சூறாவளி அல்லாததாக மாறியது. அவ்வாறு மாறும் என்று முன்னரே கணித்திருந்ததாலும், அன்றைய விதிகள் வெப்பச் சூறாவளிக்கு மட்டுமே ஹரிக்கேன் எச்சரிக்கை விடுக்க இடமளித்ததாலும், அமெரிக்காவின் தேசிய ஹரிக்கேன் மையம் வட கரோலினாவுக்கு வடக்கே ஹரிக்கேன் எச்சரிக்கை விடுக்கவில்லை. வேறு பெயர்களிலான எச்சரிக்கைகளே அங்கு நடைமுறையில் இருந்தன. நியூயார்க்கின் சுரங்க ரயில் பாதைகளுக்குள் கடல் புகுந்த இரவு அது. சூறாவளியின் வகை மாறினாலும் எச்சரிக்கை தொடரலாம் என்று 2013இல் விதி திருத்தப்பட்டது. வகைப்பாட்டுப் பெயர் என்பது ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. வீட்டை விட்டு வெளியேறுவதா வேண்டாமா என்று ஒருவர் எடுக்கும் முடிவில் அதற்குப் பங்கு உண்டு.

‘வெப்பமண்டலம் கடத்தல்’ இடத்தைச் சொல்கிறது, இயல்பைச் சொல்லவில்லை. அசோர்ஸுக்குத் தெற்கே நின்ற ஒஃபீலியா கடக ரேகையை விட்டு நெடுந்தொலைவு வடக்கே வந்திருந்தபோதும் முழுமையான வெப்பச் சூறாவளியாகவே இருந்தது. அங்குக் கடல்நீர் ஏறத்தாழ 25 டிகிரிதான். எனினும் மேல்மட்டக் காற்று வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்ததால், கீழ்க்காற்று தடையின்றி மேலெழ முடிந்தது. எனவே எந்த அட்சக் கோட்டில் நிற்கிறது என்பதைக் கொண்டு இந்த மாற்றத்தைத் தீர்மானிக்க இயலாது. மேலும், ‘கடத்தல்’ என்ற சொல் இன்றைய செய்தி வழக்கில் வேறு பொருளில் ஊன்றிவிட்டது.

‘உருமாற்றம்’ உண்மைக்கு நெருக்கமானது. அதை முன்மொழிந்த அம்மையாரின் விளக்கமும் தெளிவாக இருந்தது. ஆயினும் உயிரியலிலும் பாறையியலிலும் அது ஏற்கெனவே வேரூன்றியுள்ளது. தவிர, வடிவ மாற்றம் இந்நிகழ்வின் விளைவுதான், அடிப்படை அன்று. ஆற்றல் வரும் வழி மாறுவதே அடிப்படை. ‘இயல்’ என்ற சொல் அதைத் தாங்கும். சூறாவளி சூறாவளியாகவே நீடிக்கிறது, அதன் இயல்பு மட்டும் வேறாகிறது என்ற செய்தியைச் ‘சூறாவளி இயல்மாற்றம்’ சுருங்கச் சொல்கிறது. மாறி முடிந்ததை ‘இயல்மாறிய சூறாவளி’ எனலாம். புணர்ச்சி விதிப்படி ‘இயன்மாற்றம்’ என்றே எழுத வேண்டும் என்று கூறுவோரை மதிக்கிறேன்; செய்தி வாசிப்பவர் நாவிலும் புதிய வாசகர் கண்ணிலும் பொருள் உடனே விளங்க வேண்டும் என்பதற்காகப் பிரித்து எழுதுவதை விரும்புகிறேன்.

ஒரு கலைச்சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் தகுதி தெரியும். ‘இயல்மாறிய சூறாவளி ஒஃபீலியா திங்கட்கிழமை காலை அயர்லாந்தின் தென்கரையை நெருங்கும்; காற்று வீசும் பரப்பு விரிந்துள்ளதால் உள்நாட்டு மாவட்டங்களும் விழிப்புடன் இருக்க வேண்டும்.’ இதைப் படிப்பவர் ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ண வழியில்லை. ‘எக்ஸ்ட்ராட்ராபிக்கல் சைக்ளோன்’ என்பதற்கு மாணவர்களிடையே புழங்கும் ‘கூடுதல் வெப்பச் சூறாவளி’ என்ற தொடரை இதே வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். ‘எக்ஸ்ட்ரா’ என்ற முன்னொட்டு இங்கே ‘புறத்தே’ என்ற பொருளைத் தருவது. அதைக் ‘கூடுதல்’ என்று கொண்டதால், மையத்தில் வெப்பம் நீங்கிய ஒன்றுக்கு வெப்பம் மிகுந்தது என்ற பெயர் அமைந்துவிட்டது. அத்தொடரை நம் தொகுப்பில் சேர்க்க வேண்டாம் என்றும், அந்த இடத்தில் ‘மித வெப்பச் சூறாவளி’யையே கையாளலாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, இதனோடு பிணைந்த இரண்டாவது சொல். சூறாவளி தானே கடல் கடந்து போகாமலும் மறுகரையின் வானிலையை மாற்றும். அதன் உச்சியில், ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வெளியே பாயும் காற்று, மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்றோட்டத்தை வடக்கு நோக்கித் தள்ளுகிறது. அங்கே ஒரு முகடு எழுகிறது. அதற்குக் கிழக்கே காற்றோட்டம் தெற்கே சரிந்து ஓர் அகடு ஆழமாகிறது. அதற்கும் கிழக்கே இன்னொரு முகடு. இவை ராஸ்பி அலைகள். ஒவ்வொரு முகடும் மெதுவாகவே நகர்ந்தாலும், அலைத்தொகுதியின் ஆற்றல் அவற்றைவிட விரைவாகக் கிழக்கே செல்வதால், சூறாவளி இருக்கும் இடத்திலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி சில நாள்களில் கடுங்குளிரோ பெருமழையோ மூண்டுவிடுகிறது. 2014 நவம்பர் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே கடுமையான டைஃபூனாக இருந்த நூரி (மேற்குப் பசிபிக்கில் ஹரிக்கேனுக்கு வழங்கும் பெயரே டைஃபூன்), இயல்மாறிப் பேரிங் கடலை அடைந்தபோது அதன் மைய அழுத்தம் 924 ஹெக்டோபாஸ்கலுக்கு இறங்கியது. அதற்குக் கிழக்கே அலாஸ்காவை ஒட்டி முகடு உயர்ந்தது. அதன் மறுபுறம் ஆர்க்டிக் காற்று சரிந்து இறங்கி, அடுத்த வாரத்தில் அமெரிக்காவின் நடுப்பகுதியை நவம்பரிலேயே உறைய வைத்தது. சூறாவளி ஜெட் காற்றோட்டத்தின் அலையோடு எந்த நேரத்தில், எந்த இடத்தில் இணைகிறது என்பதில் சிறிய பிசகு நேர்ந்தாலும் அடுத்த வாரக் கணிப்பு தடம் மாறும். 2016 இலையுதிர் காலத்தில் ஐஸ்லாந்தைத் தளமாகக் கொண்டு ஆய்வு விமானங்கள் வட அட்லாண்டிக்குக்கு மேலே பறந்து அளவீடுகள் எடுத்ததற்கு இந்தச் சிக்கலும் ஒரு காரணம்.

‘டவுன்ஸ்ட்ரீம் டெவலப்மென்ட்’ எனப்படும் இதற்குக் ‘கீழ்க்காற்று வளர்ச்சி’ என்ற பரிந்துரை வந்துள்ளது. தமிழில் கீழ்க்காற்று என்றால் கிழக்கிலிருந்து வீசும் காற்று என்றோ தாழ்மட்டக் காற்று என்றோதான் கொள்வர்; மேலே ‘வெப்பமண்டலம் கடத்தல்’ பற்றிய பத்தியில் நானே அதை இரண்டாம் பொருளில்தான் ஆண்டிருக்கிறேன். இங்கு நிகழ்வதோ உயரத்தில், மேலைக்காற்றின் போக்கில். ஆகவே ‘ஓட்டவழி அலைவளர்ச்சி’ என்று முன்மொழிகிறேன். ஓட்டத்தின் வழியே அலை வளர்கிறது என்ற பொருள் நேராகக் கிடைப்பதோடு, தென் அரைக்கோளத்துக்கும் மாற்றமின்றிப் பொருந்துகிறது.

தொலைதூரப் புயல்கள் எழுப்பும் நெடிய கடலலைகளுக்குச் சொல் வேண்டும் என்ற கோரிக்கைக்கும் ஒரு வார்த்தை. கேரள மீனவர்களின் ‘கள்ளக்கடல்’ இன்று அறிவியல் வழக்கிலும் நம் கடற்கரை எச்சரிக்கைகளிலும் இடம்பெற்றுவிட்டது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்த பிறகு, அச்சொல்லைத் தமிழ்நாட்டில் அறியாதவர் குறைவு. தென்கோடிப் பெருங்கடலின் புயல்களிலிருந்து புறப்படும் அலைகள், உள்ளூரில் காற்றே இல்லாத நாளில் வந்து கரையை மூடுவதை அது துல்லியமாகக் குறிக்கிறது. அதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம், அப்படியே ஏற்போம்.

‘இயல்மாற்றம்’, ‘ஓட்டவழி அலைவளர்ச்சி’ ஆகிய இரண்டையும் குறித்து, குறிப்பாக இலங்கைப் பாடநூல் வழக்கை அறிந்தவர்கள், தங்கள் மறுப்பையோ திருத்தத்தையோ எழுதுமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்.