காகிதமும் கணினிக் கோப்பும் ஒரே மேசையில்: முதலில் செய்தது யார்?

மேசைப்பித்தன்: காகிதத்தையும் கணினிக் கோப்பையும் ஒரே மேசையில் சேர்த்தது 2007-இல் அறிவிக்கப்பட்ட மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ்தான். இப்போதைய டேப்லெட் இல்லை, மேல்பரப்பே தொடுதிரையான மேசைக் கணினி. அதற்கு முன் ஒன்றும் கிடையாது.

பழையவன்: ஒன்றும் கிடையாதா? 1991-லேயே கேம்பிரிட்ஜில் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பியர் வெல்னர் டிஜிட்டல்டெஸ்க் செய்துவிட்டார். மேசைக்கு மேலே கேமராவும் ப்ரொஜெக்டரும். அச்சிட்ட தாளில் ஓர் எண்ணை விரலால் காட்டினால் அதைச் சுற்றி ஒளிக்கட்டம் விழும். தட்டினால் எண் கால்குலேட்டருக்குப் போய்விடும். தட்டும் சத்தத்தைப் பிடிக்க மேசைக்கு அடியில் மைக். உங்கள் சர்ஃபேஸில் கேமரா அடியில் இருக்கிறது. தாளை வைத்தால் அதற்குத் தெரிவது தாளின் முதுகு!

மேசைப்பித்தன்: அது ஆய்வக மாதிரி சார். சர்ஃபேஸ் விற்பனைக்கு வந்தது. 30 அங்குலத் திரை, 5 அகச்சிவப்புக் கேமராக்கள்.

பழையவன்: ஐந்தும் அடியில்தானே?

மேசைப்பித்தன்: தாளின் அடியில் டேக், அதாவது கேமரா படிக்கிற புள்ளிக் குறி, ஒட்டினால் அடையாளம் கண்டுகொள்ளும்.

பழையவன்: அந்த பைட் டேக் என்கிற குறியில் மொத்தமே 256 மதிப்புகள். எந்த அலுவலகம் 256 தாளோடு நிற்கிறது? டேக்கைப் பார்ப்பது தாளைப் படிப்பதாகிவிடுமா?

தேவகி: இரண்டு பேருமே உண்மையான தலைவலியை விட்டுவிட்டீர்கள். திரைமேசையில் தாளை வைத்ததும் அடியில் திறந்திருக்கும் கோப்பு மறைந்துவிடுகிறது. எது எங்கே கிடக்கிறது என்றே தெரியாது. மேசைக் குவியல் நினைவூட்டலாகவும் பயன்படுகிறது என்று ஆய்வாளர் தாமஸ் மலோன் 1983-லேயே எழுதினார். மறைந்துபோனது எதை நினைவூட்டும்?

மேசைப்பித்தன்: குவியலுக்கு வக்காலத்தா? அடுக்கத் தெரியாதவர்கள் சொல்லும் சாக்கு அது.

தேவகி: மரியாதையாகப் பேசுங்கள் தம்பி. ஆவணக் காப்பறையில் வேலை செய்கிறவள் நான். அடுக்குவதை எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

பழையவன்: அவர் எப்போதும் இப்படித்தான் அம்மா. ஸ்கேனர் விவாதத்திலும் பதில் இல்லாமல் பாதியில் ஓடினார். கேமரா அடியில். அதற்குப் பதில் எங்கே?

மேசைப்பித்தன்: ஓடவில்லை, ஊருக்குப் போயிருந்தேன். 2012-இல் சர்ஃபேஸின் அடுத்த பதிப்பாக சாம்சங் எஸ்யூஆர்40 மேசை வந்ததே, அதில் கேமராவே கிடையாது. திரைக்குள்ளேயே சென்சார். போதுமா?

பழையவன்: சென்சாரும் அடியிலிருந்துதான் பார்க்கிறது!

மேசைப்பித்தன்: தாளைக் கவிழ்த்து வையுங்கள், தெரியும்.

பழையவன்: கவிழ்த்து வைத்த தாளை நான் எப்படிப் படிப்பது?

தேவகி: டிஜிட்டல்டெஸ்க் போல மேலிருந்து ஒளி அடித்தால் மட்டும் சரியாகிவிடுமா? குனிந்ததும் தலை நிழல் தாள்மேல் விழும்.

பழையவன்: நிழல் வேறு விஷயம் அம்மா, அதைத் தனியாகப் பேசுவோம். முதலில் இவர் 1991 என்று எழுதட்டும்.

மேசைப்பித்தன்: எழுத மாட்டேன். கடைக்கு வராத மேசை எனக்குக் கணக்கில்லை.