சிக்னலில் நின்றால் மட்டும் இன்ஜின் சூடாகிறது

கேள்வி: பழைய பெட்ரோல் கார். பைபாஸில் 80ல் போனால் டெம்பரேச்சர் ஊசி நடுவிலேயே நிற்கிறது, ஊருக்குள் நெரிசலில் மாட்டினால் சிவப்புக்கு ஏறிவிடுகிறது. கூலன்ட் குறையவில்லை. மெக்கானிக் வாட்டர் பம்ப் மாற்றச் சொல்கிறார், மாற்றலாமா?

பதில் 1: அவசரப்படாதீர்கள். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும், நிற்கும்போது ஃபேன்தான் எல்லாம், அதனால் என் சந்தேகம் ஃபேன் மேல்தான். ஏசியைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலான வண்டிகளில் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றாவிட்டால் முதலில் ஃப்யூஸ், ரிலே (ஃபேனுக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்), அப்புறம் மோட்டார்.

பதில் 2: ஏசிக்குச் சுற்றி, சூட்டுக்கு மட்டும் சுற்றாவிட்டால் டெம்பரேச்சர் சென்சாரைப் பாருங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள் சார், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

கேட்டவர்: ஏசி போட்டும் சுற்றவில்லை. அதே வகை ஹாரன் ரிலேயைக் கழற்றி ஃபேன் ரிலே இருந்த இடத்தில் மாட்டினேன், ஃபேன் ஓடுகிறது! புது ரிலே வாங்கப் போகிறேன்.