மறு: ‘மொழி மீட்பு’ – மீட்பவர் யார்?

குழுவினருக்கு வணக்கம்.

அருகிவரும் பழங்குடி மொழிகள் குறித்த நம் கலைச்சொற்பட்டியலைப் பார்த்தேன். உங்கள் கருத்துகளை இடையிடையே மேற்கோளாகத் தந்து பதில் எழுதியிருக்கிறேன். டாக்குமென்டேஷன், ரிவைட்டலைசேஷன், ரிக்ளமேஷன் என்ற ஆங்கிலச் சொற்கள் மூன்றுக்கும் ‘மொழிப் பாதுகாப்பு’ என்றே போட்டிருக்கிறோம். முதல் இரண்டும் எளிது: மொழி ஆவணமாக்கம், மொழிப் புத்துயிர்ப்பு. மூன்றாவதுதான் இடிக்கிறது.

வட அமெரிக்கப் பழங்குடியினரான மயாமியா மக்களை எடுத்துக்கொள்வோம். அவர்கள் மொழியைச் சரளமாகப் பேசிய கடைசித் தலைமுறை 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மறைந்துவிட்டது. வெளியார் அதை ‘அழிந்த மொழி’ என்று எழுதி மூடிவைத்தார்கள். பிறகு அந்த மக்களே பழைய மிஷனரி ஏடுகளையும் மொழியறிஞர் குறிப்புகளையும் படித்து, தம் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசத் தொடங்கினார்கள். அந்த இனத்தவரும் மொழியியலாளருமான வெஸ்லி லெனர்ட் இதைத்தான் ரிக்ளமேஷன் என்கிறார். எது இலக்கு, எது வெற்றி என்பதை அந்தச் சமூகமே முடிவு செய்யும். எத்தனை பேர் சரளமாகப் பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது வெளியாருக்குப் பிடித்த அளவுகோல்.

> ‘மொழி மீட்பு’ போதுமே. எளிய சொல், ஏற்கெனவே புழக்கத்திலும் இருக்கிறது.

சொல்லில் குறையில்லை, அதற்கு இரண்டு முகம் இருப்பதுதான் தொல்லை. அடகு வைத்த நகையை மீட்பவர் அதன் உடைமையாளர். வெள்ளத்தில் சிக்கியவரை மீட்பவர் வேறொருவர். நமக்கு வேண்டியது முதல் பொருள். ஆனால் செய்தித்தாள் படித்துப் பழகிய கண்ணுக்கு ‘மொழி மீட்பு’ என்றதும் இரண்டாவதுதான் தெரியும்: மீட்புக் குழு, கயிறு, படகு, எங்கிருந்தோ வந்த வல்லுநர்.

> ‘மீட்பர்’ இருக்கிறாரே! மிஷனரிகள் புகுந்து விளையாடிய துறையில் இந்தச் சொல் வேண்டவே வேண்டாம்.

நல்ல பிடி. ஆனால் மிஷனரிகளை அவ்வளவு சுலபமாகக் கணக்குத் தீர்க்க முடியாது. இன்னொரு வட அமெரிக்கப் பழங்குடியினரான வாம்பனோவாக் மக்களின் மொழியில் மிஷனரி ஜான் எலியட் 1663இல் ஒரு பைபிளை வெளியிட்டார். அமெரிக்கக் கண்டத்தில் அச்சான முதல் முழுப் பைபிள் அது. நோக்கம் மதமாற்றம், அதில் ஒளிவுமறைவு கிடையாது. அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்களில் ஒருவர் நிப்மக் என்ற பழங்குடி இனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரிண்டர். நூறாண்டுக்கும் மேலாகப் பேசுவார் இல்லாமல் கிடந்த அந்த மொழியை 1990களில் வாம்பனோவாக் இனத்தவரான ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் மறுபடி பேச்சுக்குக் கொண்டுவர முனைந்தபோது, கைகொடுத்த சான்றுகளில் அதே பைபிளும் ஒன்று. வெளியார் விட்டுச்சென்றதைக் கொண்டு வீட்டுக்காரர் வீடு கட்டிக்கொண்டார். இதில் ஜெஸ்ஸியின் வேலைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம், எலியட்டின் வேலைக்கு அல்ல.

வெளியாரின் நல்லெண்ணமும் சில சமயம் தலைவலிதான். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவுப் பழங்குடியினர் மீட்டுருவாக்கிய பலாவா கானி மொழி பற்றி விக்கிப்பீடியாவில் கட்டுரை வந்தபோது, அதை நீக்கும்படி அவர்களின் அமைப்பான டாஸ்மேனியப் பழங்குடியினர் மையம் 2012இல் கேட்டது. தம் மொழியை எப்போது, யாருக்குத் திறப்பது என்பது தம் முடிவு என்றார்கள். கட்டற்ற உள்ளடக்கம் என்று நாளும் பேசும் நம் போன்றவர்களுக்கு இது கசக்கும், எனக்கும் கசந்தது. அரசின் உதவியும் அப்படித்தான். நியூசிலாந்தின் பழங்குடியினரான மாவோரிகள் 1982இல் தொடங்கிய கோஹங்கா ரெயோ என்னும் மழலையர் மொழிக்கூடங்கள் 1990இல் கல்வி அமைச்சின் கீழ் வந்தன. அரசுப் பணத்தோடு பொதுவான பாலர் கல்விக்கான விதிகளும் கூடவே வந்து உட்கார்ந்தன.

ஆகவே யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்லே காட்ட வேண்டும். தமிழில் அதற்கு வழி இருக்கிறது: ‘கொள்’ என்ற துணைவினை. மீட்டுக்கொடுத்தான் என்றால் பலன் பிறருக்கு, மீட்டுக்கொண்டான் என்றால் தனக்கு. எனவே என் பரிந்துரை: மொழி மீட்டுக்கொள்ளல். நீளம்தான், ஆனால் ஏற்றுக்கொள்ளல், கற்றுக்கொள்ளல் எல்லாம் நாவில் புரளத்தானே செய்கின்றன.

மற்ற பரிந்துரைகள் பற்றிச் சுருக்கமாக: ‘மீட்டெடுப்பு’ கணினித் துறைக்குப் போய்விட்டது. ‘மொழியுரிமை மீட்பு’ என்றால் ஊர்வலமும் கொடியும் நினைவுக்கு வரும். ‘மீள்கோள்’ அழகுதான், ஆனால் வானியல்காரர்கள் தொலைநோக்கியோடு வந்துவிடுவார்கள்.

> துணைவினையைக் கலைச்சொல்லில் சேர்ப்பது மரபல்ல. தவிர, பெயரடை எப்படி வரும்?

மரபு பற்றிய வாதத்தை நான் ஏற்கவில்லை. ‘தற்காத்துக்கொள்ளல்’ என்று உளவியல் நூல்களில் தாராளமாக எழுதுகிறோம். பெயரடைதான் உண்மையான முடிச்சு. தென் ஆஸ்திரேலியாவின் கோர்ணா மொழியைப் பாருங்கள். டைக்கல்மான், ஷூர்மான் என்ற ஜெர்மானிய மிஷனரிகள் 1840இல் வெளியிட்ட இலக்கணத்தையும் சொற்பட்டியலையும் வைத்து அம்மக்கள் அதை மறுபடி பேசிவருகிறார்கள். அதை ‘மீட்டுக்கொண்ட மொழி’ என்றால் வேலை முடிந்துவிட்டதுபோல் ஒலிக்கிறது. ‘மீட்டுக்கொள்ளும் மொழி’ என்றால் மொழியே எழுந்து எதையோ மீட்கிறது. இப்போதைக்கு ‘மீட்டுக்கொள்ளப்படும் மொழி’ என்று போட்டிருக்கிறேன். செயப்பாட்டுவினை வந்ததும் செய்பவர் மறுபடி மறைந்துவிடுகிறார், பாருங்கள். இந்த ஒன்றுக்கு யாரிடமாவது நல்ல வழி இருந்தால், பட்டியலை அச்சுக்கு அனுப்புமுன் எழுதுங்கள்.