மூட்டை தூக்கும் ஆட்களுக்கு ஜவ்வு விலகாமல் இருக்க பெல்ட் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

சேர்வராயன்_தோட்டம்:
ஏற்காடு பக்கம் காபித் தோட்டம். பழம் பறிப்பு தொடங்கப் போகுது. பறித்ததை 50 கிலோ சாக்கில் கட்டி, சரிவில் சுமந்து வந்து டிராக்டர் பெட்டியில் ஏற்ற நாலு பேர். காலையில் களத்தில் தார்ப்பாய் எடுத்து காபிக் கொட்டையைக் கிளறுவதும் அவர்களேதான். எல்லாருக்கும் இடுப்பு பெல்ட் வாங்கலாம் என்று யோசனை. இந்த ஜவ்வு விலகல் எப்படித்தான் வருது? பெல்ட் தடுக்குமா? ஏற்கனவே கால் குடைச்சல் என்கிறவரைத் தூக்க விடலாமா?

முதுகெலும்பு_பிசியோ:
விலகல் என்று சொன்னாலும் ஜவ்வு, அதாவது டிஸ்க், எங்கேயும் நகர்ந்து போவதில்லைங்க. இரண்டு எலும்புக்கு நடுவே அது ஒட்டியேதான் இருக்கு. உள்ளே நீர்ச்சத்துள்ள கூழ், சுற்றிலும் பல அடுக்கு நார் வளையம். கயிற்றுக் கட்டில் பின்னல் மாதிரி ஒரு அடுக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தால் அடுத்தது வலப்பக்கம் சாய்ந்திருக்கும். குனிந்தால் கூழ் பின்பக்கம் தள்ளப்படுது. குனிந்தபடியே உடம்பைத் திருப்பினால் பாதி அடுக்கு நார்தான் இழுத்துப் பிடிக்கும், மீதி தொய்ந்துவிடும். அந்த நேரம் பாரமும் சேர்ந்தால் பின்பக்க ஓரத்தில் நார் கிழிய ஆரம்பிக்கும்.

இது ஒரே நாளில் நடப்பதில்லை. அடுக்கடுக்காகக் கிழிந்து, கடைசி அடுக்கு விடும் அன்று கூழ் வெளியே வந்து நரம்பு வேரில் படும். அந்தக் கடைசி நாளில் வெறும் தும்மல் கூட போதும். அதனால்தான் "தும்மினேன், பிடிச்சுக்கிச்சு" என்று வருகிறார்கள். பாதிப்பு பெரும்பாலும் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் கடைசி இரண்டு டிஸ்க்கில், அதாவது எல்4-எல்5, எல்5-எஸ்1. கூழ் நரம்பை அழுத்துவது மட்டுமில்லை, அழற்சியும் உண்டாக்கும். அதனால்தான் இடுப்பைவிடக் காலில் குடைச்சல் அதிகம்.

இன்னொன்று காலை நேரம். ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். எழுந்து முதல் ஒரு மணி நேரம் அது இறுக்கமாக இருக்கும், அப்போது குனிந்தால் நார் மேல் இழுவை அதிகம். உங்கள் களத்தில் அந்த நேரத்தில் என்ன வேலை பாருங்கள்: பனியில் நனைந்து கனத்துப்போன தார்ப்பாயைக் குனிந்து இழுப்பது! அதை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். முடியாது என்றால் இரண்டு முனையில் இரண்டு பேர், மண்டி போட்டுச் சுருட்டட்டும்.

பெல்ட்டை நம்ப வேண்டாம். அடிபடாதவருக்கு பெல்ட் பாதுகாப்பு தரும் என்பதற்கு ஆதாரம் போதாது என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1994லேயே சொல்லிவிட்டது. போட்டவர் தைரியத்தில் கூடுதலாகத் தூக்குவார் என்பதுதான் என் கவலை.

களத்துமேடு_பாதுகாப்பு:
பெல்ட் காசில் ஒரு மேடை கட்டுங்க. கணக்கு இதுதான்: முதுகுத் தசை எலும்பிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி நின்று இழுக்குது. 20 கிலோவை இடுப்பிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடித்தால் பத்து மடங்கு, தசை 200 கிலோ அளவுக்கு இழுக்கணும். அந்த இழுவை முழுக்க டிஸ்க்கில்தான் வந்து உட்காரும். அதே 20 கிலோவை வயிற்றோடு அணைத்து 25 செ.மீ. ஆக்கினால் 100 கிலோ. குனிந்த உடம்பின் பாரம் இதில் சேரவில்லை. 50 கிலோ மூட்டைக்கு நீங்களே போட்டுப் பாருங்க.

தரையிலிருந்து தூக்குவதுதான் ரொம்ப மோசம். பழம் கட்டும் இடத்தில் இடுப்பு உயரத்துக்கு, 75 செ.மீ. வாக்கில், கல்லோ பலகையோ வைத்து, காலிச் சாக்கை அதன் மேல் நிறுத்தி நிரப்புங்க. நிரம்பியதும் ஆள் முதுகைக் காட்டி நின்று, மூட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தால் குனிய வேண்டியதே இல்லை. டிராக்டர் நிற்கும் இடத்தில் பெட்டித் தளமும் மேடும் ஒரே மட்டத்தில் வருகிற மாதிரி மண் வெட்டி விடுங்க. சரிவு நிலத்தில் அது சுலபம். பெட்டிக்குள் மூட்டையை வைக்கும்போது இடுப்பைத் திருப்பக் கூடாது, பாதத்தை நகர்த்தித் திரும்பணும். ஈரச் சரிவில் மூட்டையோடு கால் வழுக்கும் அந்த ஒரு நொடியும் டிஸ்க்குக்கு ஆபத்து. நடைபாதையில் படி வெட்டி ஜல்லி போடுவது பெல்ட்டைவிட எவ்வளவோ மேல்.

லோடு வண்டி டிரைவரை மறந்துடாதீங்க. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, குலுங்கி வந்து இறங்கின கையோடு மூட்டையில் கை வைக்க விடாதீங்க. பத்து நிமிஷம் நடக்கட்டும்.

சேர்வராயன்_தோட்டம்:
மேடை கட்டிடலாம். ஆனால் 25 கிலோவாகக் கட்டினால் "நடை கூடுது" என்கிறார்கள். மூட்டைக் கணக்கில்தான் கூலி.

களத்துமேடு_பாதுகாப்பு:
சிக்கலே அங்கேதான். மூட்டைக்குக் கூலி என்றால் எவரும் சின்ன மூட்டை தூக்க மாட்டார்கள், பேசிப் பயனில்லை. கிலோ கணக்குக்கு மாற்றுங்க, தராசு எப்படியும் இருக்குமே. நடை கூடுவதற்கு நியாயமாக ஒரு தொகை சேர்த்துக் கொடுங்க. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் ஆண் தொழிலாளிக்கு வைத்த உச்ச வரம்பு 55 கிலோ. நியாஷ் கணக்கில், எல்லாம் வசதியாக அமைந்த தூக்கலுக்கே 23 கிலோ. சரிவில் எதுவும் வசதியாக அமையாது. 25 கிலோ கூட கொஞ்சம் அதிகம்தான்.

வார்டு_செவிலி:
கால் குடைச்சல்காரரைப் பற்றிச் சொல்கிறேன். வலி புட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே பாதம் வரை இறங்குகிறதா, இருமினால் காலில் சுளீர் என்கிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் மூட்டை வேண்டாம், நடமாட்டமுள்ள லேசான வேலை கொடுங்கள். குதிகாலால் நடக்கச் சொல்லுங்கள், பிறகு நுனிக்காலால். ஒரு பாதம் தொங்கினாலோ நுனிக்காலில் எழும்ப முடியாவிட்டாலோ நரம்பு பலவீனப்பட்டிருக்கிறது. தாமதிக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பலவீனம் இல்லையென்றால் பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் தானாகக் குறையும். வெளியே வந்த கூழை உடம்பே மெல்லக் கரைத்துக்கொள்ளும். ஓரிரு நாளுக்கு மேல் படுத்தே கிடப்பது கெடுதல். வலி இல்லாதவர்களின் ஸ்கேனிலும் டிஸ்க் வீக்கம் தெரியும், ஆகவே படத்தைப் பார்த்துப் பயந்து ஆபரேஷனுக்கு ஓட வேண்டாம். குழந்தையை விட்டு முதுகை மிதிக்கச் சொல்வது, சுளுக்கு எடுப்பவரிடம் கொடுத்து முறிப்பது, இரண்டும் கூடவே கூடாது.

இதை மட்டும் நால்வருக்கும் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்: சிறுநீர் முட்டியும் வரவில்லை, அல்லது தெரியாமல் போகிறது, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப் போகிறது, இரண்டு காலும் துவள்கிறது. இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐ அழைத்து, மலையிறங்கி, நரம்பியல் அறுவை வசதியுள்ள சேலம் மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடலாம்.

கொலுசுப்பட்டறை:
இடையில் ஒரு கேள்வி. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை. பாரமே தூக்குவதில்லை, தரையில் உட்கார்ந்து பற்றவைப்பதுதான். எங்களுக்கும் வருமா?

முதுகெலும்பு_பிசியோ:
வரும்ங்க. நாள் முழுக்க முதுகு வளைந்தே இருந்தாலும் கூழ் பின்னுக்குத்தான் அழுந்தும். 10–15 செ.மீ. உயர மணை போட்டு உட்காருங்கள், இடுப்பு முழங்காலைவிட மேலே இருக்கணும். வேலைப் பலகையை நெஞ்சருகே உயர்த்துங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, இடுப்பில் கை வைத்து மெதுவாக ஐந்து தடவை பின்னால் சாயுங்கள். சாயும்போது கால் வலி மேலேறி இடுப்போடு நின்றால் நல்லது, தொடரலாம். வலி பாதத்தை நோக்கி இறங்கினால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

தோட்டத்து ஆட்களுக்கும் ஒன்று: நாலு காலில் நின்று, எதிரெதிர் கை காலை நீட்டி 10 விநாடி, பக்கத்துக்கு ஆறு தடவை. சாயங்காலம் செய்யட்டும், காலையில் எழுந்தவுடன் வேண்டாம். பீடியும் குறையணும். டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய் கிடையாது, ஓரத்து எலும்பிலிருந்து கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு, புகை அதையும் குறைக்கும்.

சேர்வராயன்_தோட்டம்:
நன்றிங்க. கொத்தனாரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். ஆட்களில் ஒருவர் ரொம்பக் குள்ளம், அவருக்கும் அதே 75 செ.மீ. போதுமா?

களத்துமேடு_பாதுகாப்பு:
மேடையை உயரமானவருக்கு அளந்து கட்டுங்க. குள்ளமானவர் நிற்கும் பக்கம் ஒரு படி வைத்துக் கொடுத்தால் போதும்.